தாத்தாவின் ரெட்டைக் குழல்: ரீமர் போடலாமா?

கேள்வி: வணக்கம் சார். என் தாத்தா வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். 1950களில் சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் தன்னுடைய 12 போர் (குழல் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கியை அவருக்கு விற்றுவிட்டுப் போனார். அப்பா காலமான பிறகு இப்போது லைசென்ஸ் என் பெயருக்கு வந்துவிட்டது. குழலின் மேல்பட்டையில் ‘பி. ஆர் அண்ட் சன்ஸ், மதராஸ்’ என்று பொறித்திருக்கிறது. அடியில் கிரீடம் போட்ட பி.வி., பி.பி. முத்திரைகள், சாய்சதுரத்துக்குள் 12, அதற்குக் கீழே சி, பக்கத்தில் ‘நைட்ரோ ப்ரூஃப் 1⅛ அவுன்ஸ்’. ஓரத்தில் தனியாக 13 என்றும் இருக்கிறது. 12 போரில் 13 எதற்கு என்று புரியவில்லை. துப்பாக்கியின் மரக் கட்டையில், கைப்பிடியில் எஸ்டேட் ஃபிட்டர் அடித்த பித்தளைத் தகடு ஒன்றும் உண்டு.

கிளப்பில் சேர்ந்து களிமண் தட்டு சுட ஆசை. கடையில் கிடைப்பதெல்லாம் 70 மி.மீ. தோட்டாதான். ஒரு மெக்கானிக், சேம்பரை, அதாவது தோட்டா உட்காரும் அறையை 70க்கு நீட்டி, குழல் வாயில் உள்ள ஒடுக்கமான சோக்கைத் திறந்து, கட்டையை அறுத்து ரப்பர் பேட் வைத்து, மொத்தமாகப் பாலிஷ் போட்டு ப்ளூயிங் செய்து (குழலைக் கருநீலமாக்கி) தருகிறேன் என்கிறார். சித்தப்பா ஒரு திருகைக்கூடக் கழற்றாதே என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். மெக்கானிக் சொன்ன நான்கு வேலைகளில் ஒன்றைச் செய்யவே கூடாது, ஒன்று தேவையில்லை, மற்ற இரண்டை வேறு விதமாகச் செய்யலாம். சித்தப்பா சொல்கிறபடி திருகே கழற்றாமல் வைத்திருந்தால் வால்பாறை ஈரமும் பழைய எண்ணெயும் உள்ளுக்குள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

முதலில் கையில் இருப்பது என்னவென்று பார்ப்போம். பி. ஆர் அண்ட் சன்ஸ் மவுண்ட் ரோட்டில் கடிகாரமும் வெள்ளிச் சாமானும் விற்ற அதே கடைதான். துப்பாக்கியை அவர்கள் செய்யவில்லை. அந்தக் காலத்தில் பர்மிங்காம் பட்டறைகள் துப்பாக்கியைச் செய்து, விற்கிற கடையின் பெயரையே அதன் மேல் பொறித்து அனுப்பும். கல்கத்தா, ரங்கூன், மதராஸ் என்று எல்லா ஊருக்கும் இப்படித்தான் சரக்கு வந்தது. கிரீடம் போட்ட பி.வி.யும் பி.பி.யும் குழலை அதிக அழுத்தத்தில் சுட்டுச் சோதிக்கும் பர்மிங்காம் ப்ரூஃப் ஹவுஸ் 1904 முதல் குத்திய முத்திரைகள். சாய்சதுரத்தில் 12க்குக் கீழே சி என்றால் சேம்பர் 3 அங்குலத்துக்குக் குறைவு என்று பொருள். 1925க்குப் பிறகு சேம்பர் நீளத்தை அங்குலக் கணக்கிலேயே குத்த ஆரம்பித்தார்கள். நீங்கள் எழுதியதில் அந்த எண் இல்லை. ஆக இது 1904க்கும் 1925க்கும் நடுவில் வந்த துப்பாக்கி. சேம்பர் பெரும்பாலும் 2½ அங்குலம், தோட்டாப் பெட்டி வழக்கில் 65 மி.மீ. இருக்கும்.

அந்த 13 உங்களைக் குழப்பியிருக்கிறது. தோட்டா 12 போர்தான், சேம்பரும் 12தான். 13 என்பது குழலின் உள்விட்டம், சேம்பரிலிருந்து தள்ளி, பின்முனையிலிருந்து 9 அங்குலத்தில் அளந்தது. 12 என்றால் 0.729 அங்குலம், 13 என்றால் 0.710; எண் ஏறினால் விட்டம் குறையும். நடுவில் 0.719க்கு 13/1 என்று ஒரு படி உண்டு. உங்கள் குழல் பட்டறையை விட்டுக் கிளம்பியபோது 0.710க்கும் 0.719க்கும் இடையில் இருந்திருக்கிறது. இந்தச் சின்ன எண்தான் உங்களிடம் இருக்கும் ஆதாரங்களிலேயே பெரியது. துருப் பள்ளங்களை எடுக்க நடுவில் எவராவது குழலை உள்ளே சுரண்டியிருந்தால், இன்றைய அளவையும் இந்த முத்திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். 0.720ஐத் தாண்டியிருந்தால் பழைய பிரிட்டிஷ் கணக்குப்படி அந்தக் குழலின் ப்ரூஃப் செல்லாது. அப்படியொரு துப்பாக்கியை அங்கே மறுபடி சோதிக்காமல் விற்பது குற்றம்.

இனி சேம்பர். மெக்கானிக் சொன்னதிலேயே கூடாத வேலை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

70 என்று பெட்டியில் போட்டிருப்பது சுட்ட பிறகு விரிந்த கூட்டின் நீளம். சுடாத தோட்டாவின் வாய் மடித்திருப்பதால் அது 65க்கும் குறைவாகவே இருக்கும். அதனால் 65 சேம்பருக்குள் தாராளமாகப் போகும், துப்பாக்கியும் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். “மூடுதுல்ல, அப்புறம் என்ன?” என்று கேட்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சுடும்போது மடிப்பு விரிகிறது. கடைசி 5 மி.மீ. சேம்பரைத் தாண்டி, குழல் ஒடுங்கத் தொடங்கும் இடத்தில் போய்ப் படிகிறது. ரவையும் அடைப்பானும் அந்த நெருக்கத்தைக் கடந்து போக வேண்டும், அழுத்தம் ஏறும். இன்றைய பிளாஸ்டிக் கூடு மெல்லியது, அதனால் இந்த ஏற்றம் சின்னதுதான் என்று வாதிடுகிற அனுபவசாலிகள் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் கூட்டின் நீளத்தைவிடப் பெரிய பிரச்சினை, அந்தக் கூட்டுக்குள் அடைத்திருக்கும் மருந்து. துப்பாக்கி, தோட்டா சோதனை விதிகளை வகுக்கும் ஐரோப்பிய அமைப்பான சி.ஐ.பி.யின் விதிப்படி சாதாரண 12 போர் தோட்டாவே சராசரியாக 740 பார் (அழுத்த அலகு) வரை அழுத்தம் தரலாம், உயர்திறன் தோட்டா 1050 வரை போகலாம். 70 மி.மீ. கூட்டில் வருகிற சரக்கு இந்த வரம்புக்கு நெருக்கமாகவே இருக்கக்கூடும். அந்த அழுத்தத்தை எதிர்பார்த்து உங்கள் துப்பாக்கியை யாரும் செய்யவில்லை.

சரி, சேம்பரை நீட்டிவிட்டால் தீர்ந்ததா? நீட்டுவது என்றால் ரீமர் என்ற துளை சுரண்டும் கருவியை விட்டு உள்ளிருந்து இரும்பை எடுப்பது. எந்த இடத்தில்? அழுத்தம் உச்சத்தில் இருக்கிற பின்முனைப் பகுதியில், சேம்பர் முடிந்து சுவர் மெலியத் தொடங்குகிற இடத்தில். அதிக அழுத்தமுள்ள தோட்டாவைத் தாங்குவதற்காக, தாங்க வேண்டிய சுவரையே மெலிதாக்குகிறோம். பர்மிங்காமில் இந்த வேலையைச் செய்தால் குழல் மறுபடி ப்ரூஃப் ஹவுஸுக்குப் போக வேண்டும். வேண்டுமென்றே அதிக அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து, தேறினால்தான் புது முத்திரை. தேறாமல் வெடித்தால் நஷ்டம் சொந்தக்காரருக்கு, ஆனால் பக்கத்தில் யாரும் நின்றிருக்க மாட்டார்கள். உங்கள் மெக்கானிக் வாங்குவது ரீமர் போடுகிற கூலி. அதன் பிறகு நடக்கும் முதல் சோதனை, உங்கள் கன்னம் கட்டையில் பதிந்திருக்கும்போது நடக்கும்.

இன்னொன்று. “நான் 24 கிராம் ரவை உள்ள தோட்டாதான் சுடப் போகிறேன், உதையே இருக்காது” என்று நீங்கள் நினைக்கலாம். டிராப், அதாவது எறியப்படும் களிமண் தட்டைச் சுடும் போட்டிகளில் 24 கிராம்தான் விதி. ஆனால் தோளில் உதை குறைவதால் உள்ளே அழுத்தம் குறைந்துவிட்டது என்று ஆகாது. எடை குறைந்த ரவையை வேகமாகத் தள்ள, சீக்கிரம் எரியும் மருந்து போடுவார்கள். அதன் உச்ச அழுத்தம் கனமான தோட்டாவுக்குச் சமமாகவோ அதிகமாகவோகூட இருக்கலாம். இதே காரணத்தால், முத்திரையில் 1⅛ அவுன்ஸ் என்று இருக்கிறதே, அது 32 கிராம்தானே, கடையில் விற்கும் எந்த 32 கிராம் தோட்டாவும் சரி என்றும் எண்ண வேண்டாம். அந்த எண் அந்தக் காலத்துப் புகையில்லா (நைட்ரோ) மருந்துக்கும் 2½ அங்குலக் கூட்டுக்கும் சேர்த்துச் சொன்னது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் சேம்பர் இப்போதும் 65தானா என்பதே உறுதியில்லை. பழைய சீமைத் துப்பாக்கிகளை அப்பாக்கள் காலத்திலேயே யாரோ ஒருவர் 70க்கு நீட்டி, காகிதத்தில் ஒரு வரிகூட எழுதாமல் விட்டிருப்பதை எங்கள் பட்டறையில் நிறையப் பார்த்திருக்கிறோம். சேம்பர் கேஜை உள்ளே இறக்கினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஏற்கெனவே நீட்டியிருந்தால் பயந்து ஒதுக்க வேண்டியதில்லை, சுவர் தடிமன் என்ன மிச்சமிருக்கிறது என்பதுதான் கேள்வி. சட்டத்தில் குறைந்தபட்ச அளவு என்று எதுவும் இல்லை. இங்கிலாந்து வியாபாரிகள் குழலின் மிக மெல்லிய இடத்தில் ஆயிரத்தில் 20 பங்கு அங்குலமாவது இருக்க வேண்டும் என்பார்கள். அதற்குக் கீழே போனால் நான் சுடச் சொல்ல மாட்டேன்.

ஆகவே தோட்டாவுக்கு ஏற்றபடி துப்பாக்கியை மாற்றாதீர்கள். துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டாவைத் தேடுங்கள். 65 மி.மீ. என்று பெட்டியில் அச்சிட்ட, அழுத்தம் குறைந்த தோட்டா கிடைத்தால் அளவாகச் சுடலாம். கிடைக்காவிட்டால் சுட வேண்டாம், அவ்வளவுதான்.

சோக் விஷயம் சுலபம். சோக்கைத் திறப்பதும் திரும்ப முடியாத வேலைதான், ஆனால் அபாயம் குறைவு. குழல் வாயில் ஒடுக்கத்தைச் சுரண்டி ரவை விரிவை அதிகமாக்குவார்கள். அந்தத் தலைமுறைத் துப்பாக்கிகளில் இடது குழலில் இறுக்கமான சோக் இருப்பது வழக்கம். ஃபுல் சோக் என்றால் 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் சுமார் 70 சதவீத ரவை விழ வேண்டும். டிராப் தட்டுகள் தூரத்தில்தான் உடைபடுகின்றன, அங்கே உங்களுக்கு வேண்டியதே இந்த இறுக்கம்தான். எதற்குத் திறக்க? பெரிய தாளைக் கட்டி வைத்து இரண்டு குழலையும் சுட்டு எண்ணிப் பாருங்கள். எண்ணாமல் சோக்கைத் தொடுகிற மெக்கானிக்கிடம் துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள்.

இணையத்தில் பழைய துப்பாக்கிக்கு சோக்கைத் திறக்கச் சொல்லும் அறிவுரைகள் ஏராளமாகக் கிடக்கும். அதற்கு வேறு காரணம் உண்டு. பிரிட்டனில் 2029இலிருந்து ஈயத் தோட்டாவுக்குத் தடை அறிவித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு 1991இலிருந்தே ஈய ரவை கூடாது. எஃகு ரவை ஈயம்போல் நசுங்காது, மெல்லிய பழைய குழலின் இறுகிய சோக்கில் போய் முட்டினால் வாயே புடைத்துக்கொள்ளும். அவர்களுக்கு அது தலைபோகிற பிரச்சினை. தட்டு சுட ஈய ரவை வாங்குகிற உங்களுக்கு அது கிடையாது.

கட்டையை அறுக்காதீர்கள். வால்நட் கட்டையை அரை அங்குலம் அறுத்துவிட்டால், பின்னால் உங்கள் மகனுக்கு நீளமாக வேண்டுமென்றால் ஒட்டுப் போட வேண்டியதுதான். உறைபோல மாட்டிக் கழற்றும், தோலால் செய்த பேட் இருக்கிறது, முதலில் அதைப் போட்டுச் சுட்டுப் பாருங்கள். நீளம் சரியாக இருந்தும் கன்னம் ஒட்டவில்லை, பார்வை மேல்பட்டையில் நேராக ஓடவில்லை என்றால், கைப்பிடிப் பகுதியில் சூடான எண்ணெயை ஊற்றி இளக்கி, கட்டையை மேலோ கீழோ பக்கவாட்டிலோ வளைக்கலாம். லண்டனிலும் பர்மிங்காமிலும் காலங்காலமாகச் செய்கிற வேலை இது. வேண்டாமென்றால் திரும்பவும் வளைத்துக்கொள்ளலாம். இதற்குப் பழகிய கை வேண்டும், தகடு அடித்திருப்பதைப் பார்த்தால் உங்கள் கைப்பிடி ஏற்கெனவே ஒருமுறை பிளந்தது என்பதால் இன்னும் கவனம் வேண்டும்.

அந்தப் பித்தளைத் தகட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் புதுக் கட்டை போடச் சொல்லி யாராவது வருவார்கள், அதனால் சொல்கிறேன். அடியில் விரிசல் மேலும் ஓடாமல் பிடித்திருந்தால் தகடு அங்கேயே இருக்கட்டும். பர்மிங்காமிலிருந்து வந்தபடி இருந்தால்தான் ஒரிஜினல் என்று நினைப்பவர்கள் தகட்டைக் குறையாகப் பார்ப்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. பெயர்பெற்ற லண்டன் கம்பெனிகளே தாங்கள் 1880களில் செய்த துப்பாக்கிக்கு இருபது வருடம் கழித்துப் புதுக் குழல் போட்டுக் கொடுத்திருக்கின்றன, இன்று அதை யாரும் கெட்டுப்போன துப்பாக்கி என்பதில்லை. மலையில் ஒரு ஃபிட்டர் கையில் இருந்ததை வைத்துச் செய்த ரிப்பேரும் அந்தத் துப்பாக்கியின் சரித்திரம்தான். ஆனால் தகட்டுக்கு அடியில் மரம் எண்ணெய் ஊறிக் கறுத்து மெத்தென்று ஆகியிருந்தால் தகடு தாங்காது. வருடக்கணக்கில் துப்பாக்கியை வாய் மேலே இருக்க நிறுத்தி வைத்தால் எண்ணெய் மெல்ல இறங்கி, கட்டையின் தலைப்பகுதியில் ஊறிவிடும். பழைய துப்பாக்கிகளின் கட்டை பிளப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். உங்கள் வீட்டில் எப்படி வைத்திருந்தார்கள் என்று சித்தப்பாவைக் கேளுங்கள்.

அப்புறம் அந்தப் பாலிஷும் ப்ளூயிங்கும். இரண்டு குழலையும் நடுப்பட்டைகளோடு சேர்த்துப் பிடித்திருப்பது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று. இன்று கடைகளில் செய்கிற ப்ளூயிங் என்பது கொதிக்கிற காஸ்டிக் உப்புக் கரைசலில் குழலை முக்குவது. அந்தக் கரைசல் பற்றைத் தின்னும். பட்டைக்கு அடியில் புகுந்த உப்பு வெளியே வராமல், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் துருவேற்றும். வெளியே பளபளவென்று இருக்கும் துப்பாக்கி இரண்டாவது மழைக்காலத்தில் பட்டை கழன்று நிற்கும். இரட்டைக் குழலுக்கு உரியது மெதுவாகத் துருவேற்றிக் கருப்பாக்கும் பழைய முறை: மருந்தைப் பூசி, மெல்லிய துரு பிடிக்கவிட்டு, வெறும் தண்ணீரில் கொதிக்கவைத்து, தேய்த்து, மறுபடி பூசி, இப்படிப் பல நாள். அது தெரிந்தவர் கிடைக்காவிட்டால் குழல் வெளுத்தே இருக்கட்டும். பஃபிங் சக்கரத்தை மட்டும் பக்கத்தில் விடாதீர்கள். பொறிப்பு வேலையின் கூர்மையையும் முத்திரைகளையும் அது ஐந்து நிமிடத்தில் மழுக்கிவிடும். போன வரியைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது, அந்த முத்திரைகள் போய்விட்டால் நான் மேலே எழுதிய எதையும் உங்களுக்குச் சொல்லியிருக்க முடியாது.

மாற்றமே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். குழல் உள்ளே குழிகுழியாக அரித்துப்போய், பெயரும் பெரிதாக இல்லாத துப்பாக்கிக்கு ஸ்லீவிங் நல்ல வைத்தியம். பின்முனையை மட்டும் வைத்துக்கொண்டு பழைய குழலை வெட்டியெடுத்துப் புதுக் குழாய் பொருத்துவார்கள். பிரிட்டனில் ‘ஸ்லீவ்டு’ என்று வெளிப்படையாகக் குத்திவிடுவது விதி. ஒளிவுமறைவில்லாத வேலை, எனக்குப் பிடிக்கும். உங்கள் குழல் அந்த நிலைக்கு வந்துவிட்டதா என்பது அளந்தால்தான் தெரியும்.

இதில் சட்டமும் இருக்கிறது. 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் மாற்றியமைக்கவும் அதற்கென்று லைசென்ஸ் வாங்கியவருக்கு மட்டுமே உரிமை. அதற்கான லைசென்ஸ் இல்லாமல் குழலைக் குட்டையாக்குவது தனிக் குற்றம். வாய் கொஞ்சம் நசுங்கியிருக்கிறது, ஒரு அங்குலம் வெட்டிச் சீராக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். “இது ஆன்டிக், லைசென்ஸே தேவையில்லை” என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத நிலையில் இருக்கும் பழைய ஆயுதங்களுக்குத்தான் அந்த விலக்கு. உங்களுடையது சுடுகிற துப்பாக்கி. குழலிலும் ஆக்‌ஷனிலும் (குழலைப் பூட்டிப் பிடிக்கும் இயங்கு பகுதி) உள்ள எண் லைசென்ஸில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும், பாலிஷில் அது மங்கினாலும் புதுப்பிக்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

பண விஷயமும் உண்டு. 1980களின் நடுவில் பொதுமக்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது நின்றுபோனது, தேர்ந்த போட்டியாளர்களுக்கு மட்டும் தனி விதி. அதனால் நல்ல நிலையில் இருக்கும் பழைய பர்மிங்காம் துப்பாக்கி இன்னொன்று வேண்டுமென்றால் நாட்டுக்குள் ஏற்கெனவே இருப்பவற்றில்தான் தேட வேண்டும். மெக்கானிக் சொன்ன நான்கு வேலையும் முடிந்த துப்பாக்கிக்கு, விஷயம் தெரிந்தவர் தருகிற விலை வேறு.

நிஜமாகவே டிராப் பழக ஆசை என்றால் இந்தத் துப்பாக்கியை அதற்கு இழுக்காதீர்கள். பயிற்சி என்றால் ஒரு சீசனுக்குள் ஆயிரக்கணக்கில் தோட்டா போகும். நூறு வருடத் துப்பாக்கியின் கீல் அதற்குத் தேயும். முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய துப்பாக்கியை லேசாக ஆட்டிப் பாருங்கள். குழலுக்கும் ஆக்‌ஷனுக்கும் நடுவில் அசைவு தெரிந்தால் தேய்மானம் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது. கிளப்பில் கிளப் துப்பாக்கி கிடைக்குமா என்று கேளுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகும் ஒருவர் இரண்டு துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம், எனவே 70 மி.மீ. சேம்பர் உள்ள உள்நாட்டுத் துப்பாக்கி ஒன்றுக்கு விண்ணப்பிக்கலாம். தாத்தாவுடையதை எப்போதாவது எடுத்து, உரிய தோட்டாவில் சில சுற்று சுடலாம்.

இப்போது செய்ய வேண்டியது: லைசென்ஸ் உள்ள டீலரிடம் கொண்டுபோய் சேம்பர் நீளம், 9 அங்குலத்தில் இரண்டு குழலின் உள்விட்டம், சுவரின் மிக மெல்லிய இடம், இரண்டு சோக் ஆகியவற்றை அளந்து எழுதி வாங்குங்கள். குழலை மட்டும் தொங்கவிட்டு விரல் மூட்டால் தட்டச் சொல்லுங்கள். மணிபோல ஒலித்தால் பட்டைகளின் பற்று நன்றாக இருக்கிறது, ‘டொக்’ என்றால் எங்கோ விட்டிருக்கிறது. உள்ளே சுத்தம் செய்ய ஆக்‌ஷனைத் திறக்கலாம், ஆனால் திருகின் மெல்லிய காடிக்கு ஏற்றபடி தீட்டிய திருப்புளி இருந்தால் மட்டும். துரை விட்டுப்போன தோல் பெட்டி இருந்தால் அதில் துப்பாக்கியை வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூட்டிய அலமாரியில், லேசாக எண்ணெய் துடைத்து, வாய் கீழே இருக்கும்படி நிறுத்துங்கள்.

அளவுகள் வந்ததும் எனக்கு எழுதுங்கள். சுவர் தடிமன் எண்ணைப் பார்க்காமல் 65 மி.மீ. தோட்டாவைக்கூடப் போட வேண்டாம்.